எரியாத கட்சிக்காரன்

இலங்கை மலையகத்தில், தலவாக்கலைக்கு அருகிலுள்ள எங்கள் தேயிலைத் தோட்டத்தில் மாசி மாதம் காமன் கூத்து நடக்கும். தவத்தைக் கலைத்த காமனைச் சிவன் நெற்றிக்கண்ணால் எரிப்பதும், ரதி அழுது புலம்பிக் கணவனை மீட்பதும் கதை. காமனாக நட்டுவைத்த கம்பத்துக்கு நெருப்பு வைக்கும் பௌர்ணமிக்கு முந்திய ஞாயிறு பிற்பகலில், கோயில் முற்றத்தில் வாதம் ஒன்று உண்டு. காமன் எரிந்தானா, எரியவில்லையா? வெல்பவர் ஹட்டனில் நடக்கும் விழா மேடையில் தோட்டத்தின் சார்பில் பேசலாம்.

அந்த மேடையை நான் ஏற்கெனவே என்னுடையதாக்கிக் கொண்டிருந்தேன். சுதந்திரம் வந்து ஏழெட்டு ஆண்டுகள்; எனக்கு வயது பத்தொன்பது. வலக்கையை எந்தச் சொல்லில் உயர்த்துவது, கைதட்டலுக்கு எவ்வளவு நேரம் நிற்பது என்பதெல்லாம் பள்ளியில் கற்றுத் தேர்ந்திருந்தேன். கைதட்டல் வராத இடங்களிலும் நின்றேன்.

எனக்கு எரியாத கட்சி. எதிரில் நின்றவர் கவ்வாத்து வெட்டுபவர், அதாவது தேயிலைச் செடியை மொட்டையாக வெட்டிவிடும் தொழிலாளி. கையெழுத்துப் போடும்போது நாக்கைக் கடித்துக்கொள்பவர். இவருக்கு நான் போதுமா என்றல்ல, இவர் எனக்குப் போதுமா என்றே கவலைப்பட்டேன்.

வேதத்திலிருந்து தொடங்கினேன். வேதங்கள் நான்கு, அவை துதியையும் வேள்வியையும் சொல்வன. உபநிடதங்கள் ஆன்மாவை ஆராய்வன. ஆகமங்கள் கோயிலுக்கும் பூசைக்கும் விதி வகுப்பன. புராணங்கள் பதினெட்டு, படைப்பும் அழிவும் தெய்வ வரலாறும் அவற்றின் பொருள். பதினெட்டின் பெயரையும் ஒரே மூச்சில் அடுக்கினேன்.

கொழுந்து பறிக்கும் அக்கா ஒருவர் முன்வரிசையிலிருந்து கேட்டார்: "தம்பி, இத்தனையில ஒண்ணுலயாவது நாளைக்குப் பெரட்டுக்கு லேட்டா வரலாம்னு எழுதியிருக்கா?"

காலையில் ஆட்களைக் கணக்கெடுக்கும் பெரட்டின் பெயர் கேட்டதும் கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. நான் சிரிப்பு ஓயும்வரை நின்று, கையை உயர்த்தி முடித்தேன்: "காமன் எரிந்திருந்தால் உலகில் காதல் ஏது? காதல் இருக்கிறது. ஆகவே காமன் எரியவில்லை!"

கவ்வாத்துக்காரர் தலையைச் சொறிந்தார். "தம்பி, கவ்வாத்து மலையில வந்து பாருங்க. செடி குச்சி குச்சியா நிக்கும். மூணு மாசத்துல துளிர் வரும். துளிர் வந்திருச்சேன்னு, நா வெட்டவே இல்லம்பீங்களா?"

"செடிக்கு வேர் உண்டு. சாம்பலுக்கு வேர் ஏது?" என்றேன். விசில் பறந்தது. ஹட்டன் எனக்கே என்று தெரிந்துவிட்டது.

நடுவராக இருந்த பெரிய கங்காணி கேள்வி ஒன்றை மிச்சம் வைத்திருந்தார். "தம்பி பேச்சு நல்லாத்தான் இருக்கு. காமன் எரியலன்னா இந்த வருசம் நெருப்பு வைக்க வேணாம், இல்லீங்களா?"

வேண்டாம் என்பதே என் வாதத்தின் முடிவு. சொன்னால் வெற்றி. என் கண் போய்ச் சேர்ந்த இடம்தான் சரியில்லை. ரதி வேடம் கட்டும் தொழிற்சாலைத் தொழிலாளி அங்கே உட்கார்ந்திருந்தார். கம்பம் நட்ட நாள் முதல் விரதம். ஆசையாய் வளர்த்த மீசையையும் எடுத்தாயிற்று. வெறுமையான மேலுதட்டைத் தடவியபடி என் வாயையே பார்த்தார். நெருப்பு இல்லையென்றால் ரதிக்கு அழுகை ஏது?

"வைங்க," என்றேன். கையை உயர்த்த மறந்துபோனேன்.

"அப்படிப் போடுங்க!" என்றார் அக்கா. அன்று முழுவதும் எனக்குக் கிடைத்த பெரிய கைதட்டல், தோற்ற சொல்லுக்குத்தான்.

ஹட்டனுக்குக் கவ்வாத்துக்காரர் போனார். புறப்படும் முன் என்னிடம் வந்து, "அந்தப் பதினெட்டுப் புராணத்துப் பேரையும் சொல்லிக் குடுங்க தம்பி, எடுப்பா இருக்கு," என்றார். ஒரு வாரம் சொல்லிக்கொடுத்தேன். மேடையில் பதினேழு வந்தது. பதினெட்டாவதற்கு அவர் நாக்கைக் கடித்துக்கொண்டு கூட்டத்தில் என்னைத் தேடினார்.

எழுந்து நின்று அந்தப் பெயரைக் கத்தினேன். ஹட்டனில் நான் நிகழ்த்திய முதல் சொற்பொழிவு அதுதான். இம்முறை கைதட்டலுக்கு நிற்காமல் உட்கார்ந்துவிட்டேன்.