நாலு செடிக்கு ஒரு மூட்டை மண்

ஜான்-டலோன் சந்தைக்குப் பக்கத்துச் செடிக்கடையில், மண் மூட்டைகளுக்கு முன்னால் நிற்கிறேன். நான் இருக்கும் ஒட்டாவாவில் வீட்டில் நாலு கஞ்சாச் செடி வளர்க்கச் சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் அங்கே மண் வாங்கப் போனால் தெரிந்த முகம் எதுவாவது எதிர்ப்படும். அதற்குப் பயந்து மொன்றியல் வரை பஸ்ஸில் வந்தால், ஏப்ரன் கட்டிக்கொண்டு வருபவள் யாழ்ப்பாணத்துப் பெண்.

“என்ன செடிக்கு அக்கா?”

“கறிவேப்பிலைக்கு.”

அவள் மண்புழு உரம் கலந்த மண்ணில் ஒரு பிடி அள்ளி என் உள்ளங்கையில் வைக்கிறாள். கறுப்பாகப் பொலபொலவென்று உதிர்கிறது. போன வருடம் இரசாயன உரம் போட்டு இலை நுனியெல்லாம் கருக்கியவள் நான். ஆசை மேலிட்டுக் கேட்டுவிடுகிறேன்.

“பூக்கிற நேரம் என்ன போடுறது?”

அவள் சிரிக்கிறாள். “கறிவேப்பிலை பூத்தா நாங்கள் கிள்ளியெல்லோ எறியிறனாங்கள். எங்கயிருந்து வாறியள்?”

“ஒட்டாவா.”

“எங்கட மாகாணத்திலதான் கஞ்சா வளர்க்கத் தடை. உங்களுக்கு நாலு வைக்கலாம்தானே, பிறகேன் ஒளிக்கிறியள்? பூக்கேக்க வௌவால் எச்ச உரம் போடுங்கோ. கொஞ்சம் போட்டாக் காணும்.”

இரண்டையும் வாங்கிக்கொண்டு மெட்ரோ ஏறுகிறேன். மூட்டை மடியில் கனக்கிறது. எதிரே இருக்கும் தமிழர் அதையே பார்க்கிறார்.

“கறிவேப்பிலைக்கோ, தங்கச்சி?”

“இல்லை அண்ணை,” என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்கிறேன். “கஞ்சாவுக்கு.”