மூன்றாவது படம்

வேலை பார்த்த நூல் மில்லை இழுத்து மூடி இரண்டு வருடம் ஆகியிருந்தது. தொண்ணூற்றாறில் ஒருநாள் நஞ்சுண்டன் உக்கடத்துப் பழைய புத்தகக் கடையிலிருந்து தாய்ச்சி என்ற சீன உடற்பயிற்சி பற்றிய, படம் போட்ட புத்தகம் ஒன்றை வாங்கி வந்தார். பஞ்சுத் தூசி அரித்த நெஞ்சுக்கு மெதுவான பயிற்சிதான் ஒத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. படமும் அம்புக்குறியும் இருந்தால் போதாதா என்று நினைத்தார்.

போதவில்லை. மூன்றாவது படத்தில், பெரிய பந்து ஒன்றை அணைத்திருப்பதுபோல் கைகளை வைத்து, மூச்சை விட்டபடி மெல்லத் திருப்ப வேண்டும். அங்கே வந்ததும் வலது கை வெடுக்கென்று முன்னால் பாயும். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் தேய்த்துக்கொள்ளும். இருபத்திரண்டு வருடம் ஓடும் மிஷினில் அறுந்த நூலை ஒட்டிய கை. கண்ணிமைப்பதற்குள் ஒட்டித்தான் அதற்குப் பழக்கம். மில்லை மூடிவிட்டார்கள் என்று அந்தக் கைக்கு யார் போய்ச் சொல்வது?

நான்கு மாதம் மல்லுக்கட்டினார். ஒரு காலையில், கை பாயாமல், விரல் துடிக்காமல், மூன்றாவது படம் மெல்ல முடிந்தது. வாசலில் பாத்திரம் விளக்கிக்கொண்டிருந்த மனைவி மயிலாத்தாள் சிரித்தாள்.

"ஏனுங்க, மில்லுல இப்பிடி மெதுவா இருந்திருந்தா ஒரே வாரத்துல ஊட்டுக்கு அனுப்பிச்சிருப்பாங்க."

"வேகமா இருந்தும் அனுப்பிச்சுப்போட்டாங்களே, மயிலா."

அவள் சிரிப்பு நின்றது. நஞ்சுண்டன் தன் வலது கையைப் பார்த்தார். அது பேசாமல் தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கும் சேதி தெரிந்துவிட்டது.