ஐந்தாவது பித்தளைப் புஷ்

எதையும் வைத்த இடத்தில் வைத்திருக்க என்னால் முடியாது. சாப்பாட்டு மேசையில் வெள்ளைச் சார்ட் பேப்பரை வளைத்து ஒட்டி, அதன்மேல் ஏலக்காயோ ஹேர்பின்னோ வைத்துப் படம் எடுப்பது என் மூன்று வருஷப் பைத்தியம். கேமராவின் தலையில் உட்காராமல் தனியே நிற்கும் ஃபிளாஷ் ஒன்று வைத்திருக்கிறேன். அதை அரிசி டிரம் மேல் வைப்பேன், மிக்சி மேல் வைப்பேன், மறுபடி டிரம்முக்கே கொண்டுபோவேன். வெளிச்சம் முரட்டுத்தனமாக விழாமலிருக்க இட்லித் துணியை அதன் முகத்தில் கட்டுவேன். இட்லித் துணி காணாமல் போகும் நாட்களில் என் மனைவி அடுப்படியில் தேடுவதே இல்லை. நேரே மேசைக்கு வந்துவிடுவாள்.

அவள் சுந்தராபுரத்தில் லேத் பட்டறை நடத்துகிறாள். அவளுடைய அப்பா இறந்தபின் அவள் கைக்கு வந்தது. போன் பண்ணுகிறவர்கள் இன்னமும் சார் இல்லீங்களா என்றுதான் கேட்கிறார்கள். லேத் ஓட்டுபவர் லீவில் போயிருந்த ஒரு வாரத்தில், மோட்டாருக்குள் போகும் வளையம் போன்ற பித்தளைப் புஷ் ஐந்தை அவளே கடைந்தாள். முதல் முறையாக, தன் கையால். வெளியூர்க்காரர் ஒருவர் முதலில் போட்டோ அனுப்பச் சொல்லியிருந்தார், பிடித்திருந்தால் ஆர்டர் பேசலாமாம். ஐந்தையும் பட்டறையில் கை துடைக்கும் பனியன் வேஸ்ட் துணியில் சுற்றி என் முன்னால் வைத்து, நாலு மணிக்குள் வேண்டும் என்றாள். பதறாத காரியம் சிதறாது என்று போகிறபோக்கில் சொல்லிவிட்டும் போனாள். என் ஃபிளாஷை நம்பி அவள் கொடுத்த முதல் வேலை அது. பெருமை தாங்கவில்லை, பயமாகவும் இருந்தது.

பித்தளை லேசில் படிகிற சரக்கா? வலப்பக்கம் ஃபிளாஷ் வைத்தால் வெள்ளைத் திட்டு. இடப்பக்கம் வைத்தால் என் தொப்பை தெரிகிறது. மேலே தூக்கினால் சீலிங் ஃபேன். நடுவில் போத்தனூர் ஜங்ஷனுக்குப் போகும் ரயில் ஒன்று வந்து மேசையை அதிரவைத்தது. ஆத்திரத்தில் திரும்பினேன், முழங்கை பட்டு ஒரு புஷ் உருண்டு எங்கோ போய்விட்டது. குனிந்து தேடப் பொறுமையில்லை. நாலு போதும் என்று விட்டுவிட்டேன். அந்த நாலிலும் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் எண்ணெய்க் கைரேகைகள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நான் பித்தளை அழுக்கு என்றேன்.

எங்கள் வீட்டில் பித்தளை என்றால் விளக்கு, விளக்கு என்றால் புளி. வெள்ளிக்கிழமைதோறும் விளக்குத் தேய்ப்பவன் நான்தான். கை தானாகப் புளி டப்பாவுக்குப் போனது. புளியோடு கம்பி நாரையும் சேர்த்து நாலையும் அழுத்தித் தேய்த்தேன். தகதகவென்று மின்னின. படங்களும் நகைக்கடை விளம்பரம் போல வந்தன. அவளுக்கு அனுப்பிவிட்டு, பாராட்டை எதிர்பார்த்து வாசலுக்கும் மேசைக்குமாக நடந்துகொண்டிருந்தேன். பதில் வரவில்லை. ஸ்கூட்டரில் அவளே வந்துவிட்டாள்.

ஒரு புஷ்ஷை எடுத்து ஜன்னலோரம் சாய்த்துப் பார்த்தாள்.

"ஏனுங்க, கோடெல்லாம் எங்கீங்க போச்சு?"

லேத்தில் கடைந்த பித்தளையில் மெல்லிய கோடுகள் சுற்றிச் சுற்றி ஓடும். அவை ஒரே சீராக இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் வாங்குகிறவர் கடைந்த கையை எடைபோடுவார். பன்னிரண்டு வருஷம் பட்டறைக்காரியோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு இது தெரிந்திருக்கவில்லை. அவள் போட்ட கோடுகளின் மேல் என் கம்பி நார் குறுக்கும் நெடுக்குமாகக் கீறியிருந்தது. திட்டியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். அவள் புஷ்ஷை மேசையில் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். எனக்கு வெட்கமாக இருந்தது.

ஒன்று உருண்டுபோனதை அப்போதுதான் சொன்னேன். இரண்டு பேரும் தரையில் தவழ்ந்து தேடினோம். ஃபிரிட்ஜுக்கு அடியில் கிடந்ததைத் துடைப்பத்தால் தள்ளி எடுத்தேன். மணி நாலாகப் பத்து நிமிஷம்தான் இருந்தது.

மறுபடியும் ஃபிளாஷைத் தூக்கிக்கொண்டு இடம் தேட ஆரம்பித்தேன். அவள் அதை வாங்கி, இட்லித் துணியை அவிழ்த்துப் போட்டுவிட்டு, மேசையை ஒட்டித் தாழ்வாகப் பக்கவாட்டில் பிடித்தாள். பட்டறையில் டார்ச்சை இப்படிச் சாய்த்துப் பிடித்துத்தான் கோடு பார்ப்பார்களாம்.

"நீங்க கொஞ்சம் அசையாம நில்லுங்க."

நின்றேன். ஒரே ஒரு படம் எடுத்தேன். பெரிதாக்கியபோது ஒவ்வொரு கோடும் இழை பிசகாமல் தெரிந்தது. அவள் குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்தாள். ஓரத்தில் மட்டும் எண்ணெய் படிந்த கட்டைவிரல் ரேகை ஒன்று இருந்தது. அதைத் துடைத்துவிட்டு இன்னொரு படம் எடுத்துவிடலாம் என்று என் கை துணியைத் தேடிப் போனது. அவள் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருக்கட்டுங்க. அது என்ர கைதானுங்க."

படத்தை அப்படியே அனுப்பினாள்.