கூரைப் புடவைக்கு அளவு கொடுத்தவள்

என் தங்கைக்குக் கல்யாணம் நிச்சயமானபோது அவள் மெல்பர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதியாக வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். கல்யாணத்துக்கு ஆறு நாள் முன்னால்தான் விடுப்பு கிடைக்கும். அதற்குள் புடவை எடுத்து, ரவிக்கை தைத்து, எல்லாம் தயாராக இருக்க வேண்டும். "அக்காவுக்கு அளந்தா எனக்கு அளந்த மாதிரிதான். அக்கா மேல போட்டு வீடியோ கால்ல காட்டுங்க, போதும் லா," என்று யோசனை சொன்னதே அவள்தான்.

அவள் சொன்னது உண்மை. எங்கள் இருவருக்கும் ஆறு வயது வித்தியாசம் இருந்தாலும் உயரம், தோள், இடுப்பு, நிறம் எல்லாம் ஒன்று. லோரி ஓட்டிக்கொண்டிருந்த அப்பா மாரடைப்பில் போனபோது அவள் இடைநிலைப் பள்ளியில் படிவம் ஒன்றில் படித்துக்கொண்டிருந்தாள். படிவம் ஆறில் இருந்த நான் படிப்பை விட்டுவிட்டு, கிள்ளானில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராகச் சேர்ந்தேன். அவள் பள்ளிக் கூட்டங்களுக்கு நான்தான் போவேன். தாதிப் பயிற்சிக்கு அவளைக் கொண்டுபோய் விட்டதும் நான்தான். அதற்குக் கைம்மாறு எதிர்பார்த்தேன் என்று சொன்னால் பொய். எதிர்பார்க்கவே இல்லை என்று சொன்னாலும் பொய்தான்.

எனக்கும் ஒரு கல்யாணம் நடந்தது. நான்கு வருஷம் கழித்து, அவருக்கு ஈப்போவில் இன்னொரு வீடும் அந்த வீட்டில் ஒரு குழந்தையும் இருப்பது தெரிந்தது. நான் அம்மாவின் ஃபிளாட்டுக்குத் திரும்பி வந்தேன். கோர்ட்டில் எல்லாம் முடிந்து ஐந்து வருஷம் ஆகியிருந்தது. தப்பு செய்தது அவர் என்பது எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் கோயிலில் தெரிந்தவர்கள் என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள்.

முதலில் கிள்ளானிலேயே வரவேற்புப் புடவை எடுத்தோம். நான், அம்மா, மாப்பிள்ளையின் அம்மா, மாப்பிள்ளையின் தங்கை. மாப்பிள்ளையின் அம்மா ஓய்வுபெற்ற ஆசிரியை, செலாயாங்கிலிருந்து வந்திருந்தார். யாரையும் கடிந்து பேசத் தெரியாதவர். "பாவம், உன்ன நிக்கவச்சே கொல்றோம்" என்று இரண்டு தடவை சொன்னார். மாப்பிள்ளையின் தங்கை கைப்பேசியைப் பிடித்துக்கொண்டாள். திரையில் என் தங்கை, தலையில் துண்டு சுற்றியபடி, "திரும்புக்கா, பின்னாடி பாக்கணும். முந்தானைய விரிச்சுக் காட்டு," என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். நீலம், மயில் கழுத்து நிறம், வெங்காயத் தோல் நிறம் என்று பதினைந்து புடவைக்கு மேல் என் தோளில் விழுந்து எழுந்தன. கடைசியில் வெங்காயத் தோல் நிறத்தையே எடுத்தோம். கால் வலித்தது. ஆனால் அன்று எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. வெகுநாளைக்குப் பிறகு பெரிய கண்ணாடியில் என்னை முழுசாகப் பார்த்தேன்.

அடுத்த சனிக்கிழமை கூரைப் புடவை எடுக்க, புடவைக் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸ் சாலைக்குப் போனோம். தாலி கட்டும்போது உடுத்தும் கூரைப் புடவையை எடுத்துத் தருவது மாப்பிள்ளை வீட்டு முறை. அம்மாவும் நானும் கிள்ளானிலிருந்து ரயிலில் வந்து சென்ட்ரலில் இறங்கி நடந்தோம். என்னுடைய கூரைப் புடவையும் அந்தச் சாலையில் எடுத்ததுதான். அந்தக் கடை இருந்த இடத்தில் இப்போது கைப்பேசி விற்கிறார்கள். அம்மா அந்தப் பக்கம் திரும்பவில்லை.

மாப்பிள்ளை வீட்டார் எங்களுக்கு முன்பே வந்து, கடையின் முதல் மாடியில் வெள்ளை விரிப்புக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். விற்பனையாளர் தமிழ்நாட்டிலிருந்து வேலை பெர்மிட்டில் வந்தவர். பேச்சிலேயே தெரிந்தது. நான் போய் நின்றதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"கல்யாணப் பொண்ணு வந்துட்டாங்க. இனி கலர் சொல்றது ஈசி."

"நான் பொண்ணோட அக்கா," என்றேன். "அவ போன்ல இருக்கா. அளவுக்கு நான்."

"அதனாலென்னக்கா, உங்களுக்கு நிக்கிறது அவங்களுக்கும் நிக்கும்."

அரக்குச் சிவப்பில் ஒன்றைப் பிரித்தார். அகலமான தங்கக் கரை, உடல் முழுக்கச் சின்னச் சின்னப் புட்டா. அதை எடுத்து என் தோளில் போட அவர் எட்டியபோது மாப்பிள்ளையின் அம்மா கையை நீட்டித் தடுத்தார். மெதுவாகத்தான் தடுத்தார்.

"ஒரு நிமிஷம் தம்பி." பிறகு என் அம்மா பக்கம் திரும்பினார். "சம்பந்தி, தப்பா நெனச்சிக்காதீங்க. மத்த புடவையெல்லாம் பரவால்ல. கூரைப் புடவை மட்டும் வேற யார் மேலயாவது வச்சுப் பாப்போமே. எனக்கு இதுலலாம் நம்பிக்கை கிடையாது. ஆனா எங்க வீட்டுக்காரரோட அக்காங்க இருக்காங்க, நாளைக்கு ஒண்ணுன்னா பேசுவாங்க."

அம்மா இதற்கு ஏதாவது சொல்வாள் என்று நினைத்தேன். அரை நிமிஷம் இருக்கும். அம்மா விரிப்பின் ஓரத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்க்காமல், "நீ கொஞ்சம் அங்கிட்டு உக்காரும்மா," என்றாள்.

தண்ணீர் இயந்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன். விற்பனையாளர் என் பக்கம் பார்ப்பதை நிறுத்திவிட்டார். மாப்பிள்ளையின் தங்கை கைப்பேசியை அவள் அம்மாவிடம் கொடுத்துவிட்டு எழுந்து நின்றாள். அவள் என் தங்கையைவிட ஒரு சாண் குட்டை, நல்ல சிவப்பு. புடவை அவள் மேல் விழுந்தது.

"அக்கா எங்க?" என்று கைப்பேசியிலிருந்து என் தங்கையின் குரல் கேட்டது.

"அக்கா உக்காந்திருக்காம்மா. இது கூரைப் புடவையில்லையா, அதான்," என்றார் மாப்பிள்ளையின் அம்மா.

நான் காத்திருந்தேன். அம்மா பேசாதது ஒரு தலைமுறை, ஒரு பயம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் என் தங்கை தினமும் வெள்ளைக்காரக் கிழவர்களுக்குக் கைகொடுத்து நடக்கவைப்பவள். வேலை இடத்தில் ஒருவன் நிறத்தைச் சொல்லித் திட்டினான் என்று மேலதிகாரி வரை போய் நின்றவள். அந்தப் புகார்க் கடிதத்தை எனக்குப் படித்துக் காட்டியிருந்தாள்.

"ஓ," என்றாள். "ஓகே ஆன்டி." அப்புறம், "கொஞ்சம் லைட்டுக்கு நேரா வரச் சொல்லுங்க. கலர் தெரியல."

அந்த அரக்குச் சிவப்பையே எடுத்தார்கள். கீழே இறங்கியதும் மாப்பிள்ளையின் அம்மா எங்களை வாழையிலைச் சாப்பாட்டுக்கு அழைத்தார். என் இலையில் அவரே இன்னொரு அப்பளம் எடுத்து வைத்தார். நான் அதையும் சாப்பிட்டேன். அதைத்தான் இன்றுவரை என்னால் மன்னிக்க முடியவில்லை, அந்த அப்பளத்தை நான் சாப்பிட்டதை.

திரும்பும் ரயிலில் அம்மாவிடம் கேட்டேன். "நீயே அப்படிச் சொல்லலாமா?"

"அவங்க வீட்டுக்குப் போற புள்ள. நாம என்ன பண்றது?"

"நான் யாரு வீட்டுப் புள்ள?"

ரயில் சுபாங் ஜெயாவில் நின்றது. வீட்டில் தயிர் இருக்கிறதா என்று அம்மா கேட்டாள்.

மறுநாள் தங்கை தானாகவே கூப்பிட்டாள். "கோவமாக்கா?" என்றாள்.

"நீ ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்."

"நான் அந்தக் குடும்பத்துல வாழப் போறேன்க்கா. கல்யாணத்துக்கு முந்தியே சண்டை போட முடியுமா? உனக்குத் தெரியாததா."

எனக்குத் தெரிந்ததுதான். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நியாயம் இருந்ததால்தான் அது ஆறவில்லை.

கூரைப் புடவைக்கான ரவிக்கைத் துணியோடு கிள்ளானில் எங்கள் தையல்கார அக்காவிடம் போக வேண்டியிருந்தது. அதற்கு யாரும் தடை சொல்லவில்லை. மாப்பிள்ளை வீட்டிலிருந்து துணியை அனுப்பியவர்களே, "பொண்ணோட அக்காகிட்ட அளவு எடுத்துருங்க, டைட்டா வந்துடப்போகுது," என்று குரல் பதிவும் அனுப்பியிருந்தார்கள். புடவை என் தோளில் படக் கூடாது, ரவிக்கையை என் உடம்பில் அளந்து வெட்டலாம். இதை யாரிடமாவது சொல்லிச் சிரிக்க வேண்டும்போல் இருந்தது. சொல்ல ஆள் இல்லை.

பத்து நாள் கழித்து ரவிக்கை தயார் என்று தையல்கார அக்கா கூப்பிட்டார். "போட்டுப் பாத்துடு. பொண்ணு வந்து பிரிச்சுத் தைக்க நேரம் இருக்காது." திரைக்குப் பின்னால் போய்ப் போட்டேன். அச்சில் வார்த்ததுபோல் பொருந்தியது. கையில் தங்கக் கரை, முதுகில் கல் வேலை. வெளியே வந்து காட்டியபோது அவர் தோள்பட்டையை இழுத்துப் பார்த்துவிட்டு, "ஒரு நூல் தொட வேணாம்," என்றார். நான் மறுபடி திரைக்குப் பின்னால் போய், கழற்றாமல் கொஞ்ச நேரம் நின்றேன். இதை வீட்டில் சொல்லவில்லை. பழி வாங்கிவிட்டதாக ஒரு நிமிஷம் தோன்றியது. பிறகு அதுவும் போய், அக்குள் வேர்த்து ரவிக்கையில் கறை படிந்துவிடுமோ என்ற பயம் மட்டும் மிஞ்சியது. அவசரமாகக் கழற்றினேன்.

கல்யாணம் கிள்ளானில் ஒரு மண்டபத்தில் நடந்தது. வாசலில் சந்தனம் குங்குமம் கொடுக்க மாமா மகளை நிறுத்தியிருந்தார்கள். அம்மா என்னிடம், "சாப்பாட்டுப் பக்கம் கொஞ்சம் பாத்துக்கம்மா," என்றாள். தாலி கட்டும்போது கெட்டிமேளச் சத்தம் கேட்டது. நான் அப்போது பாயசம் போதுமா என்று சமையல்காரரிடம் பேசிக்கொண்டிருந்தேன். மேடைக்கு ஓடியிருக்கலாம். யாரும் பிடித்து நிறுத்தவில்லை. நானாகத்தான் போகவில்லை. படம் எடுக்கக் கூப்பிட்டபோது போய் ஓரமாக நின்றேன். தங்கை என் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தாள். அவள் அழுகையை நான் நம்பினேன். ஆனால் என் கை அவள் கையில் சும்மா கிடந்தது.

கல்யாணத்துக்குப் பிறகு அவளும் மாப்பிள்ளையும் மெல்பர்னிலேயே இருந்தார்கள். போன வருஷம் அவள் கர்ப்பமானாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு மூட்டு அறுவை சிகிச்சை, விமானத்தில் உட்கார முடியாது. "நீ ரெண்டு மாசம் வந்து இரேன்க்கா. உன்னத் தவிர யாருகிட்டயும் எனக்குத் தைரியம் வராது. அத்தையே உன்னத்தான் கூப்பிடச் சொன்னாங்க," என்றாள்.

"லீவு கிடைக்காது பாப்பா," என்றேன்.

நான் வேலை பார்க்கும் பல் மருத்துவரிடம் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் கொடுத்திருப்பார். அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது எனக்குத் தெரிந்தது.

"ஓகேக்கா," என்றாள்.

அம்மா போனாள். அம்மாவுக்கு அந்தக் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை. திரும்பி வந்த நாளிலிருந்து இருமுகிறாள். ஆண் குழந்தை. தினமும் படம் வருகிறது. நான் பார்க்கிறேன், பதிலுக்கு ஒரு இதயம் அனுப்புகிறேன். குழந்தைக்கு என் மூக்கு என்று எல்லாரும் சொல்கிறார்கள்.