மைன்ஸ் மேட்டில் வெட்டிய படிகள்

எங்கள் பக்கத்தில் மலை கிடையாது. கண்ணுக்கெட்டிய வரைக்கும் முந்திரியும் பலாவும் செம்மண்ணும்தான். மலை மாதிரி ஒன்றை நான் முதலில் பார்த்தது மைன்ஸில் தோண்டிக் கொட்டிய மண்மேட்டைத்தான். நிலமும் வீடும் சுரங்கத்துக்குப் போன பிறகு எங்களுக்குக் கிடைத்த மனை அதன் அடிவாரத்தில் இருந்தது. ஓட்டு வீடு ஒன்று கட்டிக்கொண்டு குடி வந்தோம். புழக்கடைக் கதவைத் திறந்தால் ஒரு வண்டிப்பாதை, அதைத் தாண்டினால் மேடு. காற்றடித்தால் சோற்றில் மண் விழும். அதைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நிலம் கொடுத்த வீட்டில் ஒருத்தருக்கு வேலை என்று பேச்சு இருந்தது. என் வீட்டுக்காரரையும் கூப்பிட்டார்கள். மாரை அளந்தார்கள், எடை பார்த்தார்கள், எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. கடைசியில் ஒரு புத்தகத்தை விரித்துக் காட்டினார்களாம். பக்கம் முழுக்கக் கலர் கலராகப் புள்ளிகள். அதில் என்ன எண் தெரிகிறது என்று கேட்டிருக்கிறார்கள். இவருக்கு எந்தப் பக்கத்திலும் எண்ணே தெரியவில்லை. சிவப்பும் பச்சையும் இவர் கண்ணுக்கு ஒன்றுதான் என்று சொல்லிக் கழித்துவிட்டார்கள்.

முப்பத்தாறு வயசு வரைக்கும் அது அவருக்கே தெரியாது. பன்னிரண்டு வருஷம் கூடக் குடித்தனம் செய்த எனக்கும் தெரியாது. முந்திரிப் பழம் பழுத்ததை வாசனை பிடித்துச் சொல்வார். பலாவைத் தட்டிப் பார்த்துச் சொல்வார். மிளகாய் பறிப்பதை மட்டும் என் தலையில் கட்டிவிடுவார். சோம்பேறித்தனம் என்று எத்தனை நாள் வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பேன். சிவப்பு விளக்கையும் பச்சை விளக்கையும் பிரித்துப் பார்க்கத் தெரியாத ஆளை மிஷின் பக்கத்தில் எப்படி விடுவார்கள்? நியாயம்தான். நியாயம் வந்து சோறு போடுமா?

அன்றைக்கு வந்து உட்கார்ந்தவர்தான். எழுந்திருக்கவே இல்லை. கோபப்பட்டிருந்தால், குடித்திருந்தால், என்னை அடித்திருந்தால்கூட எனக்குப் புரிந்திருக்கும். இவர் தன் கண்ணையே நம்பாமல் போய்விட்டார். வேட்டிக் கரையைக் காட்டி, "இது என்னா கலரு?" என்பார். பாதிச் சோற்றில் கையை எடுத்துக்கொண்டு, "முப்பத்தாறு வருஷமா குருடனாட்டம் வெவசாயம் பண்ணிகினு இருந்திருக்கேன்" என்பார். எங்களோடு வரப்பு பங்கிட்டவர்களெல்லாம் பர்மனென்ட் ஆகி, ஹெல்மெட்டும் கையுமாக ஷிப்ட் பஸ்ஸில் போவார்கள். அந்தச் சத்தம் கேட்டால் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்வார். கான்ட்ராக்டில் மண் அள்ளப் போகலாமே என்று ஒரு தடவை சொன்னேன். "என் நெலத்துலயே நான் கூலிக்கு மண்ணு அள்ளவா?" என்று கேட்டார்.

நான் முந்திரிக் கொட்டை உடைக்கும் ஷெட்டுக்குப் போக ஆரம்பித்தேன். கொட்டைத் தோட்டிலிருந்து கசியும் எண்ணெய் பட்டு விரலெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, சோறு பிசைந்தால் எரியும். அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். ஷெட்டில் உட்கார்ந்திருக்கும்போது வீட்டில் இந்த மனுஷன் என்ன செய்துகொண்டிருப்பார் என்ற நினைப்பைத்தான் பொறுக்க முடியவில்லை. பூசி மெழுகாமல் சொல்லிவிடுகிறேன். செத்துப்போவார் என்று பயந்தேன். அவர் வாயால் ஒரு தடவையும் சொன்னதில்லை. சொல்லாததால்தான் பயந்தேன். ஷெட்டிலிருந்து வரும்போது நேர்வழியை விட்டுவிட்டு, ஊர்ப் பொதுக் கிணற்றுப் பக்கமாகச் சுற்றி, உள்ளே எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். யாராவது கேட்டால் காலாற நடக்கிறேன் என்பேன். எட்டு மணி நேரம் குத்துக்கால் போட்டு உட்கார்ந்து கொட்டை உடைத்தவளுக்குக் காலாற நடையாம்!

ஆளுக்கு ஏதாவது வேலை கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று ஒரு நாள் தோன்றியது. நிலமில்லாத விவசாயிக்கு நான் எங்கே போய் வேலை தேடுவது? கண்ணெதிரில் இருந்தது அந்தப் பாழாய்ப்போன மேடுதான்.

"ஏங்க, பின்னாடி மேட்ல ஒரு தோட்டம் போட்டா என்னாங்க?" என்றேன்.

"அதுல என்னா மொளைக்கும்? அடிமண்ணு மேல வந்து கெடக்குது. மேமண்ணு அடியில பூடுச்சி. செத்த மண்ணு அது."

"நம்ம மண்ணும் அதுலதான் எங்கியோ கெடக்குது. செத்துதா இல்லியான்னு தோண்டிப் பாத்தாதான தெரியும்?"

வேண்டுமென்றுதான் அப்படிச் சொன்னேன். மறுநாள் சாயங்காலம் நான் வந்தபோது கட்டில் காலி. எனக்கு உயிரே இல்லை. திரும்பவும் கிணற்றுக்கு ஓடப் போனவள், மேட்டுப் பக்கம் மண்வெட்டி விழும் சத்தம் கேட்டு அப்படியே வாசற்படியில் உட்கார்ந்து அழுதேன்.

அடிவாரத்திலிருந்து மேலே வெட்டிக்கொண்டு போனார். வெறும் தோட்டமாக வெட்டினால் மழைக்கு நிற்காது, ஏறி இறங்கப் படி இருந்தால்தான் தண்ணீர் சுமக்கலாம் என்றார். முழங்கால் பாதி உயரத்துக்கு ஒரு படி. ஒவ்வொரு படியையும் உள்பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வெட்டி, அதில் சேரும் தண்ணீர் ஓரமாக இறங்க ஒரு சின்ன வாய்க்கால் விட்டார். ஆறு படிக்கு ஒரு பாத்தி. மைன்ஸ் வாட்ச்மேன் ஒரு நாள் வந்து திட்டினான். இவர் பாட்டுக்கு வெட்டிக்கொண்டே இருந்தார். பழைய மேடுதானே, பைத்தியம் என்று விட்டுவிட்டுப் போயிருப்பான்.

முதலில் விதைத்தது கொளுஞ்சி. ஆடு சீந்தாத செடி, யாரும் தண்ணீர் ஊற்றத் தேவையில்லை, எந்தக் கட்டாந்தரையிலும் வரும். வளர்ந்ததும் மடக்கி மண்ணோடு கொத்திவிட்டால் அதுவே உரம். ரோட்டோரத்தில் காய்ந்த காய்களைப் பொறுக்கிக்கொண்டு வந்து பாத்தியில் தூவினோம். படி விளிம்புக்குப் பிரண்டை. வாய்க்கால் ஓரத்துக்கு, கடலோரத்தில் இருந்த என் சின்னம்மா வீட்டிலிருந்து வெட்டிவேர்த் தூர் நாலு கட்டு சுமந்து வந்தேன். அது வேர் பிடித்து மண்ணைக் கட்ட ஒரு வருஷமாவது ஆகும் என்றார். ஒரு வருஷம் என்று அவர் வாயில் வந்ததே எனக்குப் பெரிசாக இருந்தது.

கோடை மழை ஒன்று பெய்து நாலைந்து நாள் ஆகியிருக்கும். காலையில் ஏறிப் பார்த்தேன். சிவந்த மண்ணில் பச்சைப் பச்சையாகக் கொளுஞ்சி முளைத்திருந்தது. அவர் அதற்கு நடுவிலேயே நின்றுகொண்டு, "ஒண்ணும் வரல" என்றார். நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அவர் கையைப் பிடித்துக் கீழே இழுத்து விரலை ஒரு முளையின் மேல் வைத்தேன். தடவிப் பார்த்தார். பக்கத்தில் தடவினார். அப்புறம் குழந்தை தவழ்வது மாதிரி முட்டி போட்டுக்கொண்டு பாத்தி முழுக்கத் தடவிக்கொண்டே போனார். கல்யாணமாகி அவ்வளவு வருஷத்தில் அந்த மனுஷனை அன்றைக்குத்தான் எனக்கு அவ்வளவு பிடித்தது.

ஆவணியில் கொளுஞ்சியை மடக்கிக் கொத்தி, புரட்டாசியில் பரங்கி விதை ஊன்றினார். தண்ணீர் சுமப்பது என் வேலை. இருபத்து மூன்று படி. குடத்தோடு ஏறும்போது படியின் விளிம்பு பொலபொலவென்று உதிரும். இரண்டு தரம் வழுக்கி விழுந்தேன். அப்போது பக்கத்து வீட்டுக்காரி, அவள் புருஷன் மைன்ஸில் பர்மனென்ட், "யக்கா, பெல்ட்டு போடுக்கா" என்றாள்.

எங்கள் பக்கத்துக்காரர்களுக்கு இது ஒரு வியாதி. மைன்ஸில் மண் சுமந்து தேய்ந்துபோன ரப்பர் பெல்ட்டு மந்தாரக்குப்பம் பழைய இரும்புக் கடையில் கிடைக்கும். விரல் தடிமன் இருக்கும். ஆட்டுக் கொட்டகைக்குக் கூரை அது, மாட்டு வண்டிக்கு அடிவிரிப்பு அது, வாசலில் கால் துடைக்க அது, செருப்புக்கு அடி அது. எது உடைந்தாலும் ஒழுகினாலும் பெல்ட்டு போடு என்பார்கள். நானும் ஆள் வைத்து ஒரே நீளமாக ஒரு துண்டு கொண்டுவந்து இறக்கிவிட்டேன்.

அவர் வேண்டாம் என்றார். "மண்ணு மூச்சு வுடாது. தண்ணி எங்க போவுதுன்னும் தெரியாது."

"வழுக்கி வுழுந்து இடுப்பு ஒடியறது யாருக்கு? ஒனக்கா எனக்கா?" என்று கத்தினேன். பழைய நாளாக இருந்தால் திருப்பிக் கத்தியிருப்பார். தன் பேச்சில் அவருக்கு நம்பிக்கை இல்லாமல் போயிருந்ததால் விட்டுக்கொடுத்துவிட்டார். உச்சியிலிருந்து அடி வரைக்கும் பெல்ட்டை விரித்து இரும்புக் கம்பி அடித்து இறக்கினோம். வாய்க்காலும் அதற்கடியில் போய்விட்டது. தெருவே வந்து பார்த்தது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஐப்பசியில் மழை பிடித்தது. மூன்று நாள் விடவில்லை. மூன்றாம் நாள் ஷெட்டில் மதியத்தோடு வேலையை நிறுத்தி எங்களை அனுப்பிவிட்டார்கள். நேரே வீட்டுக்குத்தான் வந்தேன். புழக்கடையில் கதவைக் காணவில்லை. அடுப்படியில் முழங்கால் வரைக்கும் சேறு. வெளியே பார்த்தால் மேட்டில் படி இருந்த இடம் உரித்துப்போட்ட மாதிரி இருந்தது. மழைத் தண்ணீர் பெல்ட்டுக்கு அடியில் புகுந்து, வழி தெரியாமல் படிப்படியாக அரித்து, பாத்தி, பரங்கிக் கொடி, வெட்டிவேர் எல்லாவற்றையும் பெல்ட்டோடு சேர்த்துக் கீழே தள்ளியிருந்தது. ஏழு மாச வேலை. அதைக் கெடுத்தவள் நான்.

அவரைக் காணவில்லை. கூப்பிட்டேன். சேற்றைக் கையால் துழாவினேன். பக்கத்து வீட்டுக்காரி, "அப்பவே எங்கியோ வேகமா போனாருக்கா" என்றாள். எனக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது. மழையில் கிணற்றுக்கு ஓடினேன். கிணறு வாய் வரைக்கும் நிரம்பிச் செம்மண் நிறத்தில் சுழித்துக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தால் ஒன்றும் தெரியவில்லை. எவ்வளவு நேரம் அதையே பார்த்துக்கொண்டு கத்தினேன் என்று தெரியாது. மாரில் அடித்துக்கொண்டேன் என்று பிறகு சொன்னார்கள்.

"இங்க என்னாத்த தேடற?"

பின்னால் நின்றுகொண்டிருந்தார். உடம்பெல்லாம் சேறு. மண் சரிந்ததும் நான் வீட்டுக்குள் இருக்கிறேனோ என்று பயந்து தேடிவிட்டு, அப்புறம் என்னைத் தேடிக்கொண்டு குறுக்குவழியாக ஷெட்டு வரைக்கும் ஓடியிருக்கிறார். வழியில் ஒருத்தரை ஒருத்தர் தவறவிட்டிருக்கிறோம்.

அவரை இரண்டு கையாலும் அடித்தேன். "யோவ், எனக்குத் தோட்டமும் வேணாம் மயிரும் வேணாம்யா. நீ எழுந்து நடமாடினா போதும்னுதான்யா அந்த மேட்டக் காட்டினேன். அதையும் நானே கெடுத்துப்புட்டேன்."

"தெரியும்."

"என்னா தெரியும்?"

"நீ தெனம் இங்க வந்து எட்டிப் பாத்துட்டு வரது எனக்குத் தெரியாதுன்னு நெனச்சிகினு இருந்தியா? ஒரு நாளு பின்னாடியே வந்து பாத்தேன். அந்த மண்ணுல ஒண்ணும் வராதுன்னுதான் நான் நெனச்சேன். நீ பயப்படாம வேலைக்குப் போயி வரணும்னு வெட்டினேன்."

மழையில் கிணற்று மேடையில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குத் தெரிந்த ஒரே வழியும் அடைபட்டுவிட்டது. இவரிடம் இனி எதைச் சொல்லி ஏமாற்றுவது? அவர் என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"சரி, நாளைக்கி எனக்கு என்னா வேல வெச்சிகினு இருக்கற?"

கேலியாகக் கேட்கவில்லை. பிச்சை கேட்பது மாதிரி கேட்டார். "அடுப்படியில சேறு கெடக்குது, வாரிப் போடணும்" என்றேன்.

"அதுக்கு மறுநா?"

"அந்தப் பாழாப்போன பெல்ட்டப் புடுங்கணும்."

தலையை ஆட்டிக்கொண்டு எழுந்து வந்தார். அதற்கப்புறம் பதினெட்டு வருஷம் இருந்தார். படியை மறுபடியும் வெட்டினார், அதுவும் இரண்டு மழைக்குமேல் நிற்கவில்லை. ஒவ்வொரு நாளும் படுக்கப் போகும் முன்னால் அந்தக் கேள்வியைக் கேட்காமல் இருந்ததில்லை. காய்ச்சலில் கிடந்த நாளில்கூட, சண்டை போட்டுப் பேசாமல் இருந்த நாளில்கூட, நாளைக்கு ஒன்றுமில்லை என்று நான் சொன்னதே கிடையாது.