முப்பது மீட்டரில் தட்டைத்தலைக் குண்டு

ஆம்பூரில் எங்கள் எதிர்வீட்டு உமைமா காற்றுத் துப்பாக்கியைத் தூக்கினால், ஏலகிரி உச்சியில் உட்கார்ந்திருக்கும் கொசு எழுந்து நின்று சலாம் போடும். சரி, கொஞ்சம் கூட்டித்தான் சொல்லிவிட்டேன். பத்து மீட்டரில் அட்டையின் நடுப்புள்ளியைத் தவறவிட மாட்டாள். அது மட்டும் நிஜம்.

ஷூ கம்பெனியில் அவளுக்குச் செக்கிங் வேலை. லேஸ் கோக்கும் துளையின் விளிம்பு துளி பிசிறியிருந்தாலும் அந்தத் தோலை ரிஜெக்ட் கூடையில் வீசிவிடுவாள். அந்தக் கண்ணையேதான் ஞாயிற்றுக்கிழமைகளில் வேலூர் துப்பாக்கி கிளப்புக்கும் கொண்டுபோனாள். வினை அங்கேதான் தொடங்கியது.

இந்த முறை கிளப் அணியில் ஓர் இடம் காலி. அதற்கு ஆள் எடுக்க முப்பது மீட்டரில் போட்டி வைத்தார்கள். உமைமா ஓவர்டைமை விட்டுவிட்டுப் பயிற்சி செய்தாள். ஒரு குண்டு இடப்பக்கம் போகும், அடுத்தது மேலே. அதற்கடுத்தது அட்டையிலேயே இருக்காது.

அவள் தம்பி தபரேஸ் குண்டு டப்பாவைத் திறந்து பார்த்தான்.

"இன்னாக்கா, இங்கயும் தட்டைத்தலையா? இது பத்து மீட்டருக்கு. தூரம் ஜாஸ்தியானா வேகம் கொறஞ்சி ஆட ஆரம்பிச்சிடும். உருண்டைத்தலை போடு."

"அது போடற ஓட்டையப் பாத்தியா? எலி கடிச்ச மாதிரி கிழிஞ்சிருக்கு. கம்பெனியில இத நான் பாஸ் பண்ணுவனா?"

"அக்கா, அட்டைய யாரும் கால்ல மாட்டிக்கப் போறதில்ல!"

நானும் சொன்னேன். கேட்டால்தானே? வாரக்கணக்கில் ஒரே பேஜார். குறிபார்க்கும் ஸ்கோப்பைத் திட்டினாள், தன் தோளைத் திட்டினாள், வேடிக்கை பார்த்த என்னையும் திட்டினாள். தட்டைத்தலைக் குண்டுக்குக் கத்தரித்தாற்போல் விழும் அந்த வட்டத் துளையை மட்டும் விடவில்லை.

போட்டியன்று பாதிக் குண்டுகள் வீணான பிறகுதான், பல்லைக் கடித்துக்கொண்டு தம்பியிடம் உருண்டைத்தலைக் குண்டுக்குக் கை நீட்டினாள். பிறகு பார்க்க வேண்டுமே! அத்தனையும் நடுப்புள்ளியில், ஒன்றன்மேல் ஒன்றாக. அப்படியும் அந்த இடத்தைக் குடியாத்தத்துப் பெண் சங்கீதாவுக்குக் கொடுத்துவிட்டார்கள். நடுவர்களுக்குக் கண் அவிந்துபோயிருக்க வேண்டும்.

பக்கத்தில் உட்கார்ந்து நான் எழுதியதை இதுவரை படித்த தபரேஸ் தலையில் அடித்துக்கொள்கிறான்.

"ஏன் ஆயா புளுகறீங்க? ஒன்னா விழுந்திச்சி, வாஸ்தவம். ஆனா நடுவுல இல்ல, நாலு விரல் மேல. ஸ்கோப்பு தட்டைத்தலைக்கு வெச்சது, குண்ட மாத்தினா அதையும் திருகி சரி பண்ணணும். நான் கைய கைய ஆட்டினேன். அக்கா எங்க என்னப் பாத்தா? ஓட்டை கிழிஞ்சிடுச்சேன்னு அட்டையவே மொறச்சிக்கினு இருந்தா."