பி பக்கத்தின் கடைசிப் பாட்டு

வானொலிக்காரர்கள் என்னைப் பேட்டி எடுக்கும்போது ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்பார்கள். உங்களைப் பாதித்த இசைக் கலைஞர் யார்? நான் யோசிப்பதுபோல் பாவனை செய்து, யாராவது பெரியவரின் பெயரைச் சொல்லித் தப்பிவிடுவேன். உண்மையைச் சொன்னால் சிரிப்பார்கள். என்னைப் பாதித்தது அப்பாவின் காரில் கிடந்த ஒரு பாட்டுக் கசெற். அதிலும் அதன் முடிவு.

இலங்கையில் எங்கள் ஊரைவிட்டு இந்தக் குளிர் நாட்டுக்கு வருமுன் ஒரு பாட்டுப் பதிகிற கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்து அப்பா பதிவித்த கசெற் அது. கடைக்காரர் தாராள மனதுக்காரர். அடங்குகிற பாட்டுகளுக்கு மேலே ஒன்றைத் திணித்துவிட்டார். அதனால் பி பக்கத்தின், அதாவது இரண்டாம் பக்கத்தின், கடைசிப் பாட்டு பல்லவியைத் தாண்டி, முதல் சரணத்தின் நடுவில், ஒரு சொல்லின் பாதியில் டக்கென்று நின்றுவிடும். கூடவே பாடிக்கொண்டு வரும் அப்பாவும் அந்த இடத்தில் வாயை மூடிவிடுவார், பாட்டே அவ்வளவுதான் என்பதைப்போல. பின் சீட்டில் இருக்கும் எனக்கு அது பொறுக்காது. எட்டு, ஒன்பது வயது இருக்கும். விட்ட இடத்திலிருந்து நானே மெட்டுப் போட்டு, நானே சொற்களும் போட்டுப் பாடி முடித்துவிடுவேன். சொற்களில் பெரும்பாலும் சாப்பாடு வரும். எனக்கு அப்போதும் இப்போதும் பசி அதிகம்.

“வாயை மூடிக்கொண்டு வா பிள்ளை. நான் ரோட்டைப் பாக்க வேணும்” என்பார் அப்பா.

இதுதான் என் முதல் மேடை. முதல் விமர்சனமும் இதுதான்.

கிட்டார் பிறகு வந்தது. உயர்நிலைப் பள்ளியில் இசை வகுப்புக்குப் பிந்திப் போய்ப் பெயர் கொடுத்தேன். நான் விரும்பிய சாக்ஸபோனை முந்தி வந்தவர்கள் எடுத்துவிட்டார்கள். மிஞ்சியிருந்தது கழுத்தில் வெடிப்பு விழுந்த ஒரு கிட்டார். அதைக் கட்டிக்கொண்டு மோர்னிங்சைட்டில் எங்கள் தொடர்மாடி வீட்டின் பல்கனியில் விரல் நுனி தோலுரியும் வரைக்கும் இருந்தேன். கீழ்த் தளத்தில் ஒரு ஜமேக்காக் குடும்பம். ஞாயிற்றுக்கிழமைகளில் அவர்கள் போடும் பாட்டு எங்கள் சமையல் குசினியின் தரை வழியாக ஏறி வரும். என் வலது கை தாளத்தை ஒரு மயிரிழை தள்ளி அடிப்பதற்கு அவர்கள்தான் காரணம். இடது கைக்கு அப்பாவின் கசெற் காரணம். இரண்டும் எனக்குள் சண்டை போட்டு ஓய்ந்தபோது எனக்கென்று ஒரு வாசிப்பு வந்திருந்தது.

இப்போது நாங்கள் மூன்று பேர். பகலில் பார்சல் வான் ஓட்டுகிற நண்பன் மிருதங்கம் படித்து அரங்கேற்றமும் செய்தவன். அந்த விரல்களால் இப்போது மின் தாளப் பலகையைத் தட்டுகிறான். வாசிப்பதைவிட அறிவிப்பதில் ஆசை கூடியவன். கையில் மைக் அகப்பட்டால் பிடுங்குவது கஷ்டம். பாடுகிற அக்கா, சொந்த அக்கா அல்ல, பக்கத்து நகரமான பிக்கரிங்கிலிருந்து ரயிலேறி வருவார். வீட்டுக் காப்புறுதி விற்பவர். எந்தச் சுருதியிலும் பாடுவார், ஒத்திகைக்கு மட்டும் வரமாட்டார். எங்கள் குழுவுக்கு நல்ல பெயர் ஒன்று இருக்கிறது. அதை ஒருவரும் சொல்வதில்லை. மண்டபங்களில் நாங்கள் “மியூசிக் பிள்ளையள்.”

கலியாணம், பெண் பிள்ளைகள் வயதுக்கு வரும் சாமத்திய வீடு, பிறந்தநாள் என்று எங்கள் பிழைப்பு நடக்கிறது. சனம் தங்களுக்கு வேண்டிய பாட்டைக் கை துடைக்கிற கடதாசியில் எழுதி மேடைக்கு அனுப்பும். எண்ணெய்க் கறையோடு வரும் அந்தக் கடதாசிகளில் இருப்பது எல்லாம் சினிமாப் பாட்டு. நான் சொந்தமாக எழுதிய பாட்டுகள் ஒரு பெட்டி நிறைய இருந்தன. இரண்டு முறை துணிந்து மேடையில் பாடிப் பார்த்தோம். முதல் முறை, “அடுத்தது எங்கட சொந்தப் பாட்டு” என்றதும் சனம் எழும்பிச் சாப்பாட்டு வரிசைக்குப் போனது. இரண்டாம் முறை வரிசை ஏற்கெனவே முடிந்திருந்ததால் வீட்டுக்குப் போனது.

அதைக்கூடத் தாங்கிக்கொள்ளலாம். அப்பாவின் ‘ம்’மைத்தான் தாங்க முடியவில்லை. புதுப் பாட்டு எழுதினால் முதலில் அவருக்குத்தான் வாசித்துக் காட்டுவேன். “சொந்தப் பாட்டோ?” என்பார். “ஓம் அப்பா.” “ம்.” அந்த ‘ம்’ பல்லவி முடியுமுன்னே வந்துவிடும். பிறகு தேநீர் ஊற்ற எழும்பிவிடுவார். நாற்பது வயதை நெருங்குகிறவள், வானொலியில் பேட்டி கொடுக்கிறவள், ஆனால் எனக்கு வேண்டியிருந்தது ஒன்றே ஒன்று. என் பாட்டு ஒன்றை அப்பா கடைசி வரைக்கும் எழும்பாமல் கதிரையில் இருந்து கேட்க வேண்டும்.

சென்ற கோடையில் மில்லிக்கனில் ஒரு மண்டபத்தில் அறுபதாவது பிறந்தநாள் விழா வந்தது. பகல் சாப்பாட்டோடு கொண்டாட்டம். பிறந்தநாள்காரர் முன்பு அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை செய்தவர், ஆகவே அப்பாவும் முன் வரிசையில் இருந்தார். நான் புதுப் பாட்டு ஒன்றை மடியில் கட்டிக்கொண்டு போயிருந்தேன். ஸ்டீல்ஸ் வீதியில் பனிக்குள் பஸ்ஸுக்காகக் காத்து நின்று விறைத்த ஒரு காலையில் அந்தப் பனியைப் பற்றியே எழுதியது. மெட்டு எங்கிருந்தோ தானாக வந்தது, நான் தேடவே இல்லை.

“சொந்தப் பாட்டெண்டு வாய் திறந்தால் சனம் சோத்துக்கு எழும்பும்” என்றார் அக்கா.

“அப்ப சொல்லாமல் விடுவம்” என்றான் நண்பன். அதோடு நின்றிருக்கலாம். நின்றானா? மைக்கைப் பிடித்தான். “அன்பான சபையோரே, அடுத்தது மிக மிகப் பழைய ஒரு பாட்டு. படத்தின்ர பேர் எங்களுக்கு ஞாபகம் வருகுதில்லை. ஆருக்கும் தெரிஞ்சால் தயவுசெய்து சொல்லுங்கோ.”

அக்கா என்னைப் பார்த்தார், நான் கிட்டாரைப் பார்த்தேன், வேறு வழியில்லாமல் தொடங்கினோம். ஒருவரும் எழும்பவில்லை. கரண்டிச் சத்தம் ஓய்ந்தது. முதல் சரணத்தில் சில தலைகள் ஆடின. இரண்டாவது சரணத்தில் ஒரு மேசையில் தாளம் போட்டார்கள். முடிந்ததும் கைதட்டலோடு சேர்த்து விவாதமும் தொடங்கியது.

“உந்தப் படத்தை நான் ரவுண் தியேட்டரில ரெண்டு தரம் பாத்தனான்” என்றார் ஒருவர்.

“நீர் எங்க பாத்தனீர்? உது இலங்கைக்கே வரேல்லை. பாட்டு மட்டும் றேடியோவில போனது.”

“பனி வருகுதெல்லே? அப்ப ஊட்டியில எடுத்தது.”

ஒரு அன்ரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, தனக்குக் கலியாணம் பேசிய காலத்தில் ஒலித்த பாட்டு இது என்றார். அவருடைய கணவர் ஓம் ஓம் என்று தலையாட்டினார். ஸ்டீல்ஸில் பஸ் பிந்தியதால் பிறந்த பாட்டுக்கு ஊட்டியும் கலியாணமும் கிடைத்துவிட்டன. நண்பன் தாளப் பலகைக்குப் பின்னால் குனிந்து, தோள் குலுங்கக் குலுங்கச் சிரித்தான். எனக்கும் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. ‘இன்னொரு தரம்’ என்று எட்டுக் கடதாசிகள் வந்தன. நாங்கள் இன்னொரு தரமும் பாடினோம்.

அப்போதுதான் அப்பா எழும்பினார். தேநீருக்கு அல்ல. சபையைப் பார்த்து, தீர்ப்புச் சொல்கிற குரலில் சொன்னார்.

“ஒருத்தரும் சண்டை பிடிக்க வேண்டாம். இந்தப் பாட்டு என்ர கசெற்றில இருக்கு. பி பக்கம், கடைசிப் பாட்டு. அதில முழுக்க இல்லை, வெட்டுப்பட்டுப் போச்சு. மிச்சத்தை இண்டைக்குத்தான் கேக்கிறன்.”

அவருடைய முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். அவர் கடைசி வரைக்கும் இருந்து கேட்டுவிட்டார். ஒரு தரம் அல்ல, இரண்டு தரம். நான் மேடையிலிருந்து பறக்காத குறை.

மறுநாள் உண்மையைச் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்துப் பல்லைக் காட்டிக்கொண்டுதான் சொன்னேன். அப்பாவின் முகம் கறுத்தது.

“ஆரோ செத்துப்போன மனுசன் போட்ட மெட்டை எடுத்துப்போட்டு உன்ர எண்டு சொல்லுறியே? களவெடுக்கவே உன்னை வளத்தனான்?”

“நான்தான் அப்பா போட்டது.”

“நான் கேட்ட பாட்டு பிள்ளை. எத்தினை வருசமாக் கேட்ட பாட்டு. எனக்குத் தெரியாதே?”

எனக்குக் கெட்ட கோபம் வந்தது. கதவை அடித்துச் சாத்திவிட்டு வந்தேன். அப்பா இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. அக்காவைத் தொலைபேசியில் கூப்பிட்டு, நாங்கள் வெளியிட இருந்த புதுப் பாட்டுத் தொகுப்பில் அந்தப் பாட்டைச் சேர்த்தால் குடும்ப மானம் கப்பலேறிவிடும் என்று எச்சரித்திருக்கிறார். இதற்கிடையில் பாட்டு தன்பாட்டில் ஊர் சுற்றியது. எந்த மண்டபத்துக்குப் போனாலும், ‘அந்தப் பழைய பனிப் பாட்டு’ என்று கடதாசி வந்தது. அத்தனை பேரும் என் பாட்டைக் கேட்டார்கள். ஒருவருக்கும் அது என் பாட்டில்லை. சிரிப்பதா, கிட்டாரை உடைப்பதா என்று தெரியாமல் இருந்தேன்.

சந்தேகமும் வந்துவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தேடாமல் வந்த மெட்டு. அது உண்மையாகவே அந்தப் பழைய பாட்டாக இருந்துவிட்டால்? தெரியாமல் களவெடுத்தாலும் களவு களவுதான்.

கடைசியில் கசெற்றையே போட்டுப் பார்ப்பது என்று அக்கா மூலம் பேசி முடிவாயிற்று. அப்பா அதை ஆணிகள் போட்டு வைக்கும் பிஸ்கட் தகரத்திலிருந்து எடுத்தார். போடுவதற்குக் கருவிதான் இல்லை. எங்களுக்குத் தெரிந்தவர்களிடம் இருந்ததில் கசெற் போடக்கூடிய ஒரே வாகனம் நண்பனின் சொந்த வான். அதை அவன் பாட்டுச் சாமான் ஏற்ற மட்டும் வைத்திருந்தான். ஒரு சனிக்கிழமை காலை, மோர்னிங்சைட்டில் கடைகளுக்கு முன்னாலுள்ள வாகனத் தரிப்பிடத்தில் எல்லோரும் அதற்குள் ஏறினோம். நண்பன் ஸ்டியரிங்குக்கு முன்னால், அப்பா அவனுக்குப் பக்கத்தில், அக்காவும் நானும் கிட்டாரும் பின்னால். அப்பா என்னைத் திரும்பியும் பார்க்கவில்லை.

“அங்கிள், போடட்டே?” என்றான் நண்பன்.

“போடு தம்பி. பிறகு தெரியும் ஆர் கள்ளர் எண்டு.”

பி பக்கத்தின் கடைசிப் பாட்டு வந்தது. நாடா இழுபட்டு, பாடுகிறவர் சளி பிடித்தவராகியிருந்தார். பல்லவி முடிந்தது. என் மெட்டு அதில் இல்லை. முதல் சரணம் தொடங்கியது. அதிலும் இல்லை. அப்பா பழக்கதோஷத்தில் கூடப் பாடத் தொடங்கியிருந்தார். சொல்லின் பாதியில் டக்கென்று கசெற் நின்றது.

அப்பா நிற்கவில்லை. கண்ணை மூடி, இரண்டு விரலால் தொடையில் தட்டி, மிகவும் உருக்கமாகத் தொடர்ந்து பாடினார். மண்டபத்தில் நாங்கள் பாடிய அதே மெட்டு.

“சொதி கொதிக்குது, சொதி கொதிக்குது, அம்மா இன்னும் இறக்கேல்லை. இடியப்பம் ஆறிப் போகுது, எனக்கு ஒருத்தரும் தரேல்லை.”

பாடி முடித்தபிறகுதான் என்ன பாடினோம் என்பது அவருக்கே விளங்கியது. எந்தக் காலத்துச் சினிமாக் கவிஞரும் தேங்காய்ப்பால் சொதியைப் பற்றி இப்படி உருகியிருக்க மாட்டார். அப்பா மெல்லத் திரும்பிப் பின் சீட்டைப் பார்த்தார்.

“உது சின்னனில நீயெல்லே பாடினது?”

“ஓம் அப்பா.” நானே மறந்துபோன மெட்டை, வாயை மூடு என்று சொன்ன மனிதர் இத்தனை வருடமும் சொதியோடு சேர்த்து வைத்திருந்திருக்கிறார்.

“அப்ப அந்தப் பனிப் பாட்டு உன்ர பாட்டு.”

“ஓம்.”

அப்பா தொண்டையைச் செருமினார்.

“உன்ர பாட்டெண்டால் நான் ஒண்டு சொல்லோணும். ரெண்டாவது சரணத்தில ‘பனியே, பனியே’ எண்டு நாலு தரம் வருகுது. அது கூடிப் போச்சு. பழைய பாட்டு, பெரிய ஆக்கள் எழுதினதெண்டு நினைச்சுப் பேசாமல் இருந்திட்டன்.”

அக்கா சிரித்த சிரிப்பில் வான் ஆடியது. நான் அழுதேனா சிரித்தேனா என்று இப்போதும் அக்காவும் நண்பனும் வேறு வேறு கதை சொல்கிறார்கள். இரண்டாவது சரணத்தை எண்ணிப் பார்க்கும் அளவுக்கு அப்பா கேட்டிருக்கிறார். எனக்கு அது போதும், ஆனாலும் விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

“மூண்டு தரம்தான் அப்பா.”

“நாலு. எடு கிட்டாரை, எண்ணுவம்.”

கிட்டாரின் கழுத்தை யன்னலுக்கு வெளியே விட்டுக்கொண்டு வாசித்தேன். நண்பன் ஸ்டியரிங்கில் தட்டினான். மரக்கறிப் பைகளோடு போன இரண்டு பேர் நின்று கேட்டார்கள். அப்பா விரல் மடக்கி எண்ணினார். நாலுதான் வந்தது.

தொகுப்பில் அதை மூன்றாக்கிவிட்டேன். இப்போது யாராவது அதைப் பழைய பாட்டு என்றால் அப்பா விடுவதில்லை, மறித்துத் திருத்துகிறார். “பழைய பாட்டோ? என்ர மகள் எழுதினது. நாலு தரம் வந்ததை மூண்டாக்கினது நான்.”